எல்லைக்கு அந்தப் பக்கம்

சூரியநெல்லி
9.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பனி குறையக் குறைய அம்மாவின் முழங்கால் வலி தேவலை. யானைகள் ஊருக்குள் வருவது பற்றி நீ அனுப்பிய வரைவு அறிக்கை கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே உட்கார்ந்து படித்துவிட்டேன்.

பொறுப்பாக எழுதியிருக்கிறாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நடுவில் நீ போட்டிருக்கும் பட்டியலில் ஒரு வரி என்னை அதற்கு மேல் போக விடவில்லை. இடப்பக்கம், ‘திரும்பத் திரும்ப ஊருக்குள் வரும் யானை’. வலப்பக்கம், ‘பிடித்து வேறிடத்தில் விடுதல்’. அவ்வளவுதான். வேறிடம் என்றால் எந்த இடம்? அங்கே யார் குடியிருக்கிறார்கள்? அவர்களிடம் கேட்டாயிற்றா? இந்தக் கேள்விகளுக்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை.

அரிக்கொம்பன் கதை உனக்குத் தெரியும். ஆனால் நீ வெளியூரில் இருந்துகொண்டு டி.வி.யில் பார்த்தது யானையின் கதை. யார் யார் என்னென்ன முடிவு எடுத்தார்கள், ஒவ்வொரு முடிவும் எங்கே போய் இறங்கியது என்பதை வரிசையாக எழுதுகிறேன். உன் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

2023 ஜனவரியில் பன்னியாறு எஸ்டேட்டில் ஃபாரஸ்ட் வாட்சர் ஒருவர் யானைகளிடம் மாட்டி இறந்தார். யானை வந்துவிட்டால் நம் சின்னக்கானல் முழுக்க அவரைத்தான் கூப்பிடும். அதட்டியே திருப்பி அனுப்பிவிடுவார் என்று பேர். அவரே போய்விட்டார் என்றதும் ஊருக்கு இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் போனது. பன்னியாறு ரேஷன் கடையை அரிக்கொம்பன் இடித்து இடித்து அரிசி தின்றுகொண்டிருந்த காலம் அது. ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். யானையைப் பிடித்துக் கூண்டில் அடைத்துப் பழக்கலாம் என்று அரசு முடிவு செய்தது. அதை எதிர்த்துச் சிலர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மார்ச்சில் நீதிமன்றம் பிடிப்பதை நிறுத்திவைத்து, ஐந்து பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தது. யானை வாழும் இடத்தில் மக்களை ஏன் குடியேற்றினீர்கள் என்றும் நீதிமன்றம் கேட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கூண்டு வேண்டாம், ரேடியோ காலர் மாட்டிப் பரம்பிக்குளம் காட்டில் விடலாம் என்றது குழு. ஏப்ரல் 5 அன்று நீதிமன்றம் அப்படியே உத்தரவிட்டது. பரம்பிக்குளம் இருப்பது பாலக்காடு ஜில்லாவில். ஆனால் ரோட்டு வழியாகப் போவதென்றால் தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப் ஸ்லிப் தாண்டித்தான் போகமுடியும். காட்டுக்குள் ஆதிவாசிக் குடியிருப்புகள், கீழே முதலமடையின் மாந்தோப்புகள். அந்த ஊர்க்காரர்கள் கடையை அடைத்துப் போராடினார்கள். சின்னக்கானலில் வேண்டாம் என்று பிடிக்கிற யானையை எங்கள் வாசலில் ஏன் விடவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதில் என்ன தப்பு? அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏப்ரல் 17 அன்று அங்கே மனு தள்ளுபடியானது. கடைசியில் பெரியாறு புலிகள் காப்பகம் என்று முடிவாயிற்று.

ஏப்ரல் 29. இங்கே 144 போட்டிருந்தார்கள். சிமெண்ட் பாலம் பக்கம் மயக்க ஊசி மேல் ஊசியாகப் போட்டு, நான்கு கும்கிகளை வைத்துத் தள்ளி லாரியில் ஏற்றினார்கள். கொட்டுகிற மழை. லாரி போன வழியெல்லாம் ஜனங்கள் நின்றார்கள். சிலர் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். இரண்டு விதமும் நம் எஸ்டேட் லயங்களிலேயே உண்டு.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரியாற்றில் விட்ட யானை மேகமலைப் பக்கம் நடந்து, மே 27 காலையில் கம்பம் தெருவில் நின்றது. சித்தி போன் போட்டு, “உங்க ஊரு யானை எங்க ஊருக்கு வந்திருச்சுடி” என்று கத்தினாள். காட்டு யானைக்கு கேரளா ஏது, தமிழ்நாடு ஏது. அன்று அடிபட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அதைப் பிடித்து, அந்த வெயிலில் லாரியிலேயே தெற்கே கொண்டுபோய், களக்காடு முண்டந்துறை காப்பகத்தில் மேல் கோதையாற்றில் விட்டது. அங்கேயும் எதிர்ப்பு. செப்டம்பரில் அது மாஞ்சோலை நாலுமுக்கு எஸ்டேட்டுக்கு வந்து வாழையைத் தின்றது.

தம்பி, நாலுமுக்கில் இருந்தவர்கள் யார்? நம்மைப் போல லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்துப் பிழைத்த ஜனங்கள். அந்த எஸ்டேட்டின் குத்தகை 2028இல் முடிகிறது. வருகிற யானைக்கு வேலி கேட்க வேண்டியவர்கள், தங்களுக்கே அங்கே இடம் உண்டா என்று கேட்கவேண்டியதாயிற்று. பன்னியாறு லயத்தில் இருந்த பயத்தைத் தூக்கி நாலுமுக்கு லயத்தில் வைத்தோம். ஈரத்துணியை இந்தக் கொடியிலிருந்து எடுத்து அந்தக் கொடியில் போட்ட மாதிரி. துணி காய்ந்ததா என்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

இங்கேயாவது நிம்மதி வந்ததா? சக்கக்கொம்பன் என்ற இன்னொரு யானை இருக்கிறது, மற்ற யானைக் கூட்டங்கள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் அதே பன்னியாறு எஸ்டேட்டில் வேலைக்குப் போன ஒரு பெண் யானை தாக்கி இறந்தாள். ஒரு யானையைப் பற்றி இரண்டு மாநிலம், இரண்டு உயர் நீதிமன்றம், ஒரு உச்ச நீதிமன்றம் இவ்வளவு யோசித்த பிறகும், காலையில் கூடையை எடுத்துக்கொண்டு இறங்குகிறவளுக்கு எதுவும் மாறவில்லை.

அந்த யானையைப் பிடித்ததே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ரேஷன் கடைக்கு அடுத்த சுவரில் தூங்குகிறவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்வது வேறு. சின்னக்கானலுக்குத் தீர்வு என்று எழுதியவர்கள், அது கம்பத்துக்கும் நாலுமுக்குக்கும் என்னவாகும் என்று அதே தாளில் எழுதவில்லை. அதை எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்குமோ மாறாதோ, அந்த ஊர்களாவது தயாராக இருந்திருக்கும்.

இப்போது நீதிமன்றம் கேட்டதற்கு வருகிறேன். ஆனையிறங்கல் அணைக்கு மேலே 301 காலனி இருக்கிறதே, அது ஏன் அங்கே வந்தது? 2001இல் சி.கே. ஜானு தலைமையில் ஆதிவாசிகள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் குடில் கட்டி உட்கார்ந்தார்கள். நிலம் இல்லாத குடும்பங்களுக்கு நிலம் தருவதாக ஏ.கே. ஆண்டனி அரசு ஒப்புக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகப் பறிபோன நிலத்துக்கு அது மிகக் குறைந்த ஈடு. அந்த வாக்குறுதியின் வழியில் சில வருஷத்துக்குள் 301 குடும்பங்களுக்கு இங்கே நிலம் அளந்து கொடுத்தார்கள். அணைத் தண்ணீருக்கும் புல்லுக்கும் யானைகள் காலங்காலமாக நடக்கிற இடம் அது. இங்கே வேண்டாம் என்று வனத்துறைக்குள்ளிருந்தே அப்போது குரல் வந்தது. கேட்கவில்லை. இன்று முக்கால்வாசி வீடுகள் காலி. இருக்கிறவர்கள் இருட்டினால் வெளியே வருவதில்லை.

இதில் நிலம் கொடுத்தது நியாயம். யானைக்கு வழி விடவேண்டும் என்பதும் நியாயம். இரண்டு நியாயங்களைக் கொண்டுபோய் ஒரே சரிவில் முட்டவிட்டது யார்? ஒரு துறைக்கு நிலம் கொடுத்து முடித்த கணக்கு வேண்டியிருந்தது, இன்னொரு துறையின் ஆட்சேபம் கோப்பில் தூங்கியது. நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவுதான் அது. நல்ல எண்ணம் போதவில்லை. உன் வரைவில் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் பல இடத்தில் வருகிறது. 301 காலனியில் இருப்பவர்களை அந்தச் சொல்லால் அழைக்க முடியுமா? அரசு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அவர்கள் பெட்டியில் இருக்கிறது. தயவுசெய்து அந்தச் சொல்லை எங்கெங்கே போட்டிருக்கிறாய் என்று திரும்பப் பார்.

காடு எது என்பதிலேயே இங்கே தகராறு. நம் ஏலமலை இருக்கிறதே, 1897இல் திருவிதாங்கூர் அரசு அதைப் பற்றி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அதில் இருப்பது 15,720 ஏக்கர் என்று ஒரு தரப்பு சொல்கிறது. இல்லை, 2,15,720 ஏக்கர் என்கிறது இன்னொரு தரப்பு. முன்னால் ஒரு ‘2’ உண்டா இல்லையா என்பதற்கு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. போன அக்டோபரில் அங்கே புதிதாகப் பட்டயம் கொடுக்க இடைக்காலத் தடையும் வந்துவிட்டது. ஏலத்தோட்டத்துக்காரர்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற பெரிய மரங்கள்தான் இந்த மலையில் மிச்சமிருக்கிற பச்சையில் பெரும்பகுதி. அதைக் காடு என்று அறிவித்தால் விவசாயி பயந்து மரத்தை வெட்டுவான். தோட்டம் என்று விட்டுவிட்டால் ரிசார்ட்காரன் வாங்குவான். எந்தப் பக்கம் எழுதினாலும் எழுதியவனே நினைக்காத ஒன்று நடக்கும். இதை உன் மேலதிகாரிகளுக்குச் சொல். ஒரு பக்கத்தில் அடக்கு என்கிறார்களே, அவர்களுக்கு.

கேரளாவில் இது புதுசும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது பற்றி மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. அது அடுத்த வருஷம்தான் பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். எதைக் காக்கலாம், எப்படிக் காக்கலாம் என்று கிராம சபைகளில் பேசி முடிவெடுங்கள் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. ஆனால் கிராம சபைக்கு அது வருவதற்குள் வதந்தி வந்துவிட்டது. பசு வளர்க்க முடியாதாம், வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட்தான் அடிக்கவேண்டுமாம் என்று நம் கடைத்தெருவிலேயே பேசினார்கள். பிறகு கஸ்தூரிரங்கன் குழு. 2013 நவம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டதும் இடுக்கி கொதித்தது. அடுத்த வருஷத் தேர்தலில் அந்தக் கோபத்தின் மேலேயே ஒருவர் எம்.பி. ஆனார். மேற்குத் தொடர்ச்சி மலைக்கான வரைவு அறிவிப்பு 2014இலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஆறாவது வரைவு வந்தது 2024 ஜூலை 31. முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணுக்குள் போனதற்கு மறுநாள். பத்து வருஷம் வரைவாகவே இருக்கிற ஒரு காகிதம் மலையையும் காக்கவில்லை, மனிதனையும் காக்கவில்லை. மக்களிடம் பேசத் தயங்கிய ஒரு வருஷத்துக்குப் பத்து வருஷம் வட்டி கட்டுகிறோம்.

உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 3 அன்று எல்லாக் காப்பகங்களைச் சுற்றியும் ஒரு கிலோமீட்டருக்குப் பாதுகாப்பு வளையம் வேண்டும் என்று சொன்னபோதும் இதே கதைதான். ஒரு வாரத்தில் இடுக்கியில் ஹர்த்தால். ராஜஸ்தானிலும் ஒரு கிலோமீட்டர், நம் மதிகெட்டான் சோலை ஓரத்திலும் ஒரு கிலோமீட்டர் என்றால் எப்படி? கேரள அரசு செயற்கைக்கோள் படம் வைத்து வீடுகளைக் கணக்கெடுத்தது. ஏராளமான வீடுகள் விட்டுப்போயின. பிறகு பஞ்சாயத்துகளில் உதவி மையம் வைத்து, ஜனங்களே படம் எடுத்துக் கொடுத்துச் சேர்த்தார்கள். எனக்கு அதில் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். மேலிருந்து எடுத்த படத்தைக் கீழே இருப்பவர்கள் திருத்தினார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் 26 அன்று நீதிமன்றமும் தன் உத்தரவைத் தளர்த்தியது. முதலிலேயே கீழே வந்து கேட்டிருந்தால் நடுவில் இவ்வளவு கசப்பு வந்திருக்காது. இப்போது ‘சுற்றுச்சூழல்’ என்றாலே வீட்டைப் பிடுங்க வருகிறார்கள் என்று என் வகுப்புப் பிள்ளைகளே நினைக்கிறார்கள். அது எனக்கு யானையை விடப் பெரிய கவலை.

தமிழ்நாடும் இதில் குறைவில்லை. போன வருஷம் ஏப்ரல் கடைசியில் 42 யானை வழித்தடங்கள் என்று வனத்துறை ஒரு வரைவு போட்டதே, கருத்துச் சொல்லச் சில நாள்தான் அவகாசம், அறிக்கை ஆங்கிலத்தில். கூடலூர்க்காரர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை. வழித்தடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனால்தான் இப்படிச் செய்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போன முறை வந்தபோது ரிட்டல், வெப்பர் என்று இரண்டு பேராசிரியர்கள் 1973இல் எழுதியதைச் சொன்னாயே. இந்த மாதிரிச் சிக்கல்களுக்கு ‘தீர்ந்தது’ என்று ஒரு புள்ளியே கிடையாது, ஒவ்வொரு முயற்சியும் தழும்பு விட்டுத்தான் போகும் என்று. எனக்கு அது சரி என்றே படுகிறது. ஆனால் அதைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. தழும்பு விழும் என்றால் சின்னத் தழும்பாக விழுகிற வேலையை முதலில் செய்யவேண்டும்.

வால்பாறைக்குப் போய்ப் பார். அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம், அங்கேயும் யானை. ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையில் அவரோடு இருப்பவர்களும் பல வருஷம் யானைக்குப் பின்னால் நடந்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் யானை அங்கே நிற்பது தெரியாமலேயே போய் மாட்டியவர்கள். அப்படியானால் தெரியப்படுத்தவேண்டும். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று சாயந்திரமே செல்போனுக்குத் தகவல், கேபிள் டி.வி.யில் ஓடுகிற வரி, உயரமான இடத்தில் சிவப்பு விளக்கு. அந்த விளக்கைப் போட்டு அணைப்பது அந்தந்த ஊர் ஆட்களே. அரிசியைக் கடையில் குவித்து வைக்காமல் வண்டியில் கொண்டுவந்து கொடுக்கிற ரேஷன் ஏற்பாடும் வந்தது. இறப்பு குறைந்தது. யானை அங்கேயே இருக்கிறது, ஜனங்களும் அங்கேயே இருக்கிறார்கள். இதில் எது சரிவரவில்லையோ அதை அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளலாம். லாரியில் ஏற்றிய யானையை அப்படித் திருப்பி இறக்க முடியுமா? நம் பன்னியாற்றிலும் ரேஷன் கடையைச் சுற்றிச் சோலார் வேலி போட்டார்கள். இடித்துத் தின்ற பிறகு, ஆள் இறந்த பிறகு, போராட்டத்துக்குப் பிறகு. அந்த வேலி முதல் சுவர் விழுந்த அன்றே வந்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி எழுதவேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே உன் பட்டியலில் வலப்பக்கத்தோடு நிறுத்தாதே. இன்னொரு கட்டம் போடு. ஒவ்வொரு தீர்வுக்கும் எதிரே, இதன் சுமை எந்த ஊருக்குப் போகிறது, அந்த ஊரில் அவர்கள் மொழியில் யார் போய்ப் பேசினார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுது. ஊர் பெயரை எழுது, ‘வேறிடம்’ என்று எழுதாதே. அந்த இடம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் அங்குள்ள வனத்துறைக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்றா என்பதும் வேண்டும். அதற்கடியில் ஒரு தேதி போடு. அந்தத் தேதியில் இதே ஆட்கள் திரும்பவும் உட்கார்ந்து, நினைத்தது நடந்ததா என்று பார்க்கவேண்டும், நடக்கவில்லை என்றால் மாற்றவேண்டும். அதற்கான பணத்தை இப்போதே ஒதுக்கச் சொல். கவனிக்கிற வேலைக்குத்தான் எப்போதும் காசு இருக்காது. வாட்சர்கள் தினக்கூலிக்கு உயிரைக் கொடுக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதே.

பக்கம் கூடிவிடும் என்று சொல்வார்கள். கூடட்டும். குறைத்தே ஆகவேண்டும் என்றால் முன்னுரையைக் குறை. ‘உயிர்ப்பன்மையின் மகத்துவம்’ பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் அது இல்லாமலும் எல்லோருக்கும் தெரியும்.

கொளுக்குமலையை விட்டுவிட்டாய் என்பதும் ஞாபகம் வருகிறது. தோட்டம் தேனி ஜில்லா, ஜீப் ரோடு சூரியநெல்லியிலிருந்து. விடியற்காலையில் வரிசையாக ஜீப் ஏறுகிற நேரமும் யானை இறங்குகிற நேரமும் ஒன்றுதான். அதற்கு எந்த மாநிலம் விதி போடும்? இதைச் சேர்த்துக்கொள்.

கடைசியாக ஒன்று. வரைவை முடித்து அனுப்புவதற்கு முன் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு இங்கே வா. ஆங்கிலத்தில் இருப்பதை நான் படித்துச் சொல்லிவிடுவேன், ஆனால் இங்குள்ளவர்களே படித்துப் பார்த்தால்தான் நெருடுகிற இடத்தில் நிறுத்திக் கேட்பார்கள். வார்டு மெம்பரிடம் பேசிவிட்டேன், லயத்து ஆட்களையும் 301இலிருந்து வரக்கூடியவர்களையும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஏலத்தோட்டத்துக்காரர்களையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், சண்டை வந்தாலும் பரவாயில்லை. கம்பத்தில் இறங்கிச் சித்தியையும் பார்த்துவிட்டு வா, அவளிடமும் அவள் தெருக்காரர்களிடமும் கேட்டுக் குறித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா. மற்ற நாளில் எல்லோரும் கொழுந்துக்குப் போய்விடுவார்கள். காலை பஸ்ஸிலேயே வந்துவிடு. நான்கு மணிக்கு மேல் கூட்டத்தை நடத்த முடியாது, 301காரர்கள் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேரவேண்டும்.

அன்புடன்,
அக்கா